மருந்து போடாத பஞ்சு

மாமியாரின் பேச்சு நின்ற அன்றைக்கே மாமனாரின் வண்டியும் நின்றது. இரண்டுக்கும் முடிச்சுப் போட அந்த வீட்டில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

பேச்சு நின்றதற்குக் காரணம் தொண்டை. குரல் நாணில் கடுகளவு முடிச்சு விழுந்திருக்கிறது, பதினைந்து நாள் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். குசுகுசுவென்று பேசுவது இன்னும் கெடுதலாம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவாங்க?" என்று கேட்டார்.

"தூங்குற நேரத்தக் கழிச்சுக்குங்க டாக்டர்" என்றார் மாமனார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் மாமனார் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பன்னிரண்டு வயதான கருநீல வண்டி. கூரையில் ஒரு தட்டுத் தட்டி, சாவியை எடுத்து மருமகன் கையில் வைத்தார்.

"நீங்க ஓட்டுங்க மாப்ள. பெயின்ட் செத்துப் போச்சு. இந்தக் கோலத்துல இத நான் ஓட்டிட்டுப் போனா நாலு பேரு சிரிப்பான்."

மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தில் அந்தச் சாவியின் எடை என்ன என்று அவருக்குத் தெரியாது. கையில் வாங்கியபோது ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து யாரையோ எடுத்துப் போவதுபோல் இருந்தது.

"மொகம் தெரியுற மாதிரி பளபளன்னு ஆக்கிக் குடுங்க. அதுவரைக்கும் தொடமாட்டேன். அவளுக்குப் பேச்சு வந்ததும் ஞாயித்துக்கிழமை கெளம்பணும், சொல்லிட்டேன்."

மூத்த மகள் இருக்கும் ஊர் ஆறு மணி நேரத் தொலைவு. முழுக்க நெடுஞ்சாலை. மாமனாரும் மாமியாரும் மட்டும் போவதாக மாசக்கணக்கில் திட்டம். பேச்சு வருவதற்கும் கிளம்புவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பேசாத மாமியாருடன் ஆறு மணி நேரமா, பாவம் போரடிக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"முப்பத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினாரு எங்கப்பா" என்றாள் மனைவி அன்று சாயங்காலம், முட்டையை ஓட்டிலிருந்து உரித்துக்கொண்டே. "அந்த பஸ்ஸுல பெயின்ட் எங்க இருந்துச்சு? துருதான் இருந்துச்சு. இப்ப என்னவோ புதுமாப்பிள்ளைக்கு மூஞ்சில பரு வந்த மாதிரி அலட்டுறாரு."

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் பொதுவாகவே ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. ஊரில் கால்வாசிப் பேர் சிரிக்கும் சிரிப்பு அவர் கைவேலை. ஆனால் அவர் பல் எப்படி இருக்கும் என்று தனக்கே சரியாகத் தெரியாது என்பாள் மனைவி. வீட்டோடு மாப்பிள்ளை வேறு. அந்தப் பதவிக்கு வாய் ஒரு தகுதிக் குறைவு என்று அவர் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார்.

பளபளப்பு என்றால் மட்டும் அவருக்குப் புத்தி விழித்துக்கொள்ளும். பட்டறையில் ஈரக் கல்மாவைத் தொட்டுச் சுழலும் சக்கரத்தில் பல்செட்டைக் காட்டுவார். மங்கலாக இருந்த செயற்கை ஈறு மெல்ல மெல்ல நனைந்தாற்போல ஒளிகொள்ளும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மற்ற ஏழு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வண்டி முழுதும் அப்படி ஒளிகொண்டால் எப்படி இருக்கும்? மறுநாள் மதியம் பட்டறை மேஜையில் தலைசாய்த்தவருக்குக் கனவு வந்தது. தெரு முழுக்க ஈரமான கருநீலம். அதன்மேல் வெறுங்காலோடு மாமியார் நடந்துகொண்டே பேசுகிறார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

பாலிஷ் மிஷின் வாங்க மாமனாரும் வந்தார். பஸ்ஸில் போனார்கள். மாமனார் உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்று, ஒவ்வொரு கியருக்கும் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே வந்தார். இறங்கித் தெருவைக் கடக்கும்போது மாப்பிள்ளையின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பாசம் என்று நினைத்து மாப்பிள்ளைக்குக் கூச்சமாகிவிட்டது.

கடையில் ஒரு அம்மா இருந்தார். ஆறு பெயின்ட் கலர் தெறித்த ஏப்ரன், காதில் பென்சில்.

"மொத மிஷினா?" என்றார்.

"பட்டறையில சக்கரம் இருக்கு. முப்பது வருஷமா பாலிஷ் போடுறேன்."

"எதுக்கு?"

"பல்லுக்கு."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது வேற சார். அங்க பல்லக் கொண்டுபோய்ச் சக்கரத்துல வைப்பீங்க. இங்க சக்கரத்தக் கொண்டுபோய் வண்டியில வைக்கணும். கை தலைகீழா பழகணும். தெரிஞ்சவங்கதான் சார் வண்டியக் கெடுக்கிறது. தெரியாதவன் பயந்து பயந்து செய்வான், தப்பிச்சுக்குவான்."

இரண்டு மிஷினை மேஜையில் வைத்தார். "இது ஒரே அச்சுல சுத்துறது. வேகம் ஜாஸ்தி. ஒரு எடத்துல ரெண்டு நிமிஷம் நின்னீங்கன்னா பெயின்ட் வெந்துரும். இது ஆடிக்கிட்டே சுத்துறது. ரொம்ப அமுக்குனா சுத்தாம நின்னுக்கும், ரோஷக்காரி. மொத மொத வாங்குறவங்களுக்கு இதான்."

"ஒரே அச்சுதான் எனக்குக் கைப்பழக்கம்" என்றார் மாப்பிள்ளை.

"அதான் வேணாங்கிறேன்."

மாமனார் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். ஓட்டச் சொல்லிக் காதோரம் வைத்துக் கேட்டார். "இந்த ஆடுறதே இருக்கட்டும் மாப்ள. இன்ஜின் நெதானமா இருக்கு. அது கோவக்காரன்."

"பெரியவருக்குக் காது நல்லா இருக்கு" என்றார் கடைக்காரம்மா. பிறகு மிஷின் முகத்தில் மாட்டும் பஞ்சுகளை அடுக்கினார். வட்ட வட்டமாக ஆரஞ்சு, வெள்ளை, கறுப்பு. "கலர நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விரலால அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருந்தா கீறல அறுக்கும். நடுத்தரம் மினுக்கும். பூ மாதிரி இருக்கிறது கடைசியில துடைச்சு விடுறதுக்கு. மொதல்ல நடுத்தரத்துல ஆரம்பிங்க. அதுலயே சரியாயிட்டா கெட்டியத் தொடவே வேணாம். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு வாங்கிக்குங்க. பஞ்சுல அழுக்கு ஏறினா மாத்தணும், ஒரே பஞ்ச வச்சு ஓட்டுறது ஒரே துண்டுல ஊரே மொகம் துடைக்கிற மாதிரி."

"எத்தன தடவ தேய்க்கலாம்?"

"அதக் கேட்டீங்களே! மேல்பூச்சு ஒரு தாள்ல பாதி கனம்கூட இருக்காது. ஒவ்வொரு தடவையும் அதுல கொஞ்சம் போகுது. பளபளப்புன்னா சும்மா வராது சார், தேஞ்சுதான் வரும்."

சுவரில் சாய்த்திருந்த ஒரு கறுப்பு பானெட்டை முன்னால் இழுத்தார். நடுவில் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பாதியில் விளக்கடியில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். மறு பாதி கிணற்றுத் தண்ணீர். கடைக்காரம்மாவின் காதுப் பென்சில்கூட அதில் தெரிந்தது.

"நீங்களே சொல்லுங்க பெரியவரே, எது தேச்ச பக்கம்?"

மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் பரிசோதகர் போல முன்னும் பின்னும் நடந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு உறுதியாக விரலை நீட்டினார், சிலந்தி வலைப் பக்கம். "இதுதான். என்னமா கண்ணாடி மாதிரி இருக்கு!"

கடைக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல ஆளு சார் நீங்க!"

மாமனாரும் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

திரும்பும்போது மிஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே போகும் தெருவைப் பார்த்தார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. விளக்குகள் பாலில் விழுந்த பழங்கள் மாதிரி மிதந்தன. இந்த வழியில் எத்தனை தடவை அந்த வண்டியின் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே போயிருக்கிறார்! முன் சீட்டில் மாமியார் ஓயாமல் பேசுவார். அது தாலாட்டு மாதிரி. என்ன பேசுவார் என்று இப்போதுதான் முதல்தடவையாக யோசித்துப் பார்த்தார்.

'பாருங்க, செவப்பு போட்டுட்டான், இனி எப்ப விடுவானோ.' 'அந்தப் பச்சச் சட்டக்காரன் பாட்டுக்கு நடு ரோட்டுல வர்றான், ஊமைக்கோட்டான்.' 'முன்னால போறவன் நிக்கப் போறான் போலிருக்கே.' 'நம்ம தெரு முக்கு பேக்கரியில கூட்டத்தப் பாருங்களேன்.'

ஒன்பது வருஷமாக வம்பு என்று நினைத்தது எதுவும் வம்பில்லை. குறைந்தது சமீப காலத்தில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் மாமியார் சீட்டு எழுதி நீட்டுகிறார். மாமனாருக்கு மட்டும் எழுதுவதில்லை. கையைத் தொட்டுத் தட்டுகிறார்.

மாப்பிள்ளையின் மடியில் மிஷின் சில்லிட்டது.

*

மறுநாள் காலை பின்முற்றத்தில் வேலை ஆரம்பமானது. வண்டியைக் கழுவி, ஈரம் ஒற்றி, ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினார். பஞ்சில் பட்டாணி பட்டாணியாக நாலு பொட்டு பாலிஷ் மருந்து. பிறகு பழக்க தோஷம். பட்டறையில் சக்கரம் ஓட ஆரம்பித்த பிறகுதான் பல்லைக் கிட்டே கொண்டுபோவார். இங்கும் மிஷினை அந்தரத்தில் பிடித்து ஸ்விட்சைத் தட்டினார். நாலு பொட்டு மருந்தும் நாலு திசைக்கும் பறந்தது. சுவர், கொடியில் காய்ந்த போர்வை, மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடி, சாட்சி சொல்ல வந்த மனைவியின் நெற்றி.

"ஏங்க, வண்டிக்கா, வீட்டுக்கா?" என்றாள் மனைவி, நெற்றியைத் துடைக்காமலே.

மாமியார் ஜன்னலில் நின்று சத்தமில்லாமல் குலுங்கினார்.

பஞ்சை வண்டிமேல் வைத்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். அதற்கப்புறம் எல்லாம் சுகம். ஒரு சாண் சதுரம், அதன் ஓரத்தில் சற்று ஏறினாற்போல் இன்னொன்று. குறுக்கே நாலு ஓட்டம், நெடுக்கே நாலு ஓட்டம், கழுகு வானத்தில் மிதக்கிற வேகத்தில். மிஷின் ரீங்காரமிட்டது. கை மரத்து, தோள் மரத்து, எண்ணமும் மரத்தது. துணியால் ஒற்றி எடுத்ததும் கருநீலத்துக்குள் இருந்து மெல்ல வானம் வந்தது. ஒரு மேகம் பானெட்டின் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் வெளியேறும்வரை மாப்பிள்ளை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிப் பஞ்சைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாளில் வண்டி முடிந்தது. மாமனார் வந்து பார்த்தார். மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார்.

"இன்னும் பொக மூட்டமா இருக்கே மாப்ள."

மாப்பிள்ளை மறுபடியும் தேய்த்தார். மாமனார் மறுபடியும் வந்தார்.

"தேவல. ஆனா மப்பு போகல."

மூன்றாம் தடவை தேய்க்கக் கையெடுத்தபோது தாளில் பாதி என்ற கடைக்காரம்மாவின் சொல் ஞாபகம் வந்தது. இப்படியே போனால் மாமனாரின் கண்ணில் இருக்கும் மப்புக்காக வண்டியின் தோல் உரிந்துவிடும். முடிந்தது என்று சொன்னாலோ, மாமியாருக்குப் பேச்சு வருமுன்பே அவர் சாவியைக் கேட்க வேண்டியிருக்கும். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் முடிய விடமாட்டேன் என்கிறார்.

அன்று மாமியார் தனியாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போய் எதிரே உட்கார்ந்தார். பக்கத்து அறையில் மனைவி இருந்தாள். மாமியார் எழுதும் துண்டுச் சீட்டுக் கட்டை இழுத்து, பேச வாயிருந்தும், அதில் எழுதினார்: 'மாமாவுக்குக் கண்?'

மாமியார் படித்தார். சீட்டைக் கிழித்து நாலாக மடித்து ஆரஞ்சுத் தோலுக்குள் வைத்து மூடினார். பிறகு எழுதினார்: 'வண்டி நல்லா வருது. நிறுத்தாதீங்க.'

'ஞாயிற்றுக்கிழமை ஹைவே.'

'அதுக்குள்ள எனக்குப் பேச்சு வந்துடும்.'

'அத்தை, ஆறு மணி நேரம்.'

மாமியார் பென்சிலைக் கொஞ்ச நேரம் காற்றில் பிடித்திருந்தார். 'டாக்டர் பாத்தா ஓட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுவார். அதுக்கப்புறம் அவரு என்ன செய்வார்னு நீங்களே சொல்லுங்க.' பிறகு ஒரு சுளையை அவர் பக்கம் நகர்த்தினார். வாயை மூடிக்கொள் என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து மாப்பிள்ளை பூப்போன்ற பஞ்சை மாட்டி, மருந்து போடாமல், துளித் தண்ணீர் மட்டும் தெளித்து ஓட்டினார். பெயின்ட்டுக்குக் கெடுதல் இல்லை, பிரயோஜனமும் இல்லை. பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து, சாயங்கால வெளிச்சத்தில், ஏற்கெனவே கண்ணாடியாக இருந்த கதவுகளை ரீங்காரத்தோடு தடவிக்கொடுத்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருப்பார். பனி இறங்கும். மிஷின் பாடும். எதுவும் முடிய வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமையே வர வேண்டாம் என்பது போன்ற ஒரு மயக்கம் அந்த முற்றத்தில் நாலு நாள் இருந்தது.

"ஏங்க, வண்டிக்குப் பாலிஷ் போடுறீங்களா, தூங்க வைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மனைவி.

கிழமை என்னவோ வந்துகொண்டேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் மாமியாருக்கு டாக்டரிடம் நேரம் குறித்திருக்க, மாமனார் திடீரென்று சொன்னார்:

"மாப்ள, அத நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"மருந்து போட்டா அந்த மிஷின் அடித்தொண்டையில பாடும். நாலு நாளா மேல பாடுது. பஞ்சுல ஒண்ணுமே இல்ல."

மாப்பிள்ளை பஞ்சைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதாவது பதில் இருக்குமா என்று.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"கடையிலயே மாமா."

"கடையிலயா?" மாமனார் யோசித்தார். "அப்ப நான் காட்டின பக்கம்..."

"தேய்க்காத பக்கம்."

"அந்தம்மா சிரிச்சாங்களே. கரெக்டா சொல்லிட்டேன்னு சந்தோஷப்பட்டுச் சிரிக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன்!" அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முகம் சுருங்கியது. "வெளிச்சம் தெரியுது மாப்ள. ஆளு தெரியுது. ஆளு எந்தப் பக்கம் போறான்னுதான்... இந்த ஒரு தடவ. நேரான ரோடு. அவ பக்கத்துல இருப்பா. போயிட்டு வந்து நானே சாவியக் குடுத்துடுறேன்."

மாப்பிள்ளை ஒன்பது வருஷத்தில் அந்த மனிதருக்கு எதற்கும் 'இல்லை' என்று சொன்னதில்லை. சொல்லும் அவசியமே வராமல் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்.

"ஒண்ணு கேக்கவா மாமா? தப்பா நெனைக்காதீங்க. நீங்கதான் தொழில் தெரிஞ்சவங்க. அறுபதுல போறப்ப, அத்தை ஒரு வார்த்த சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அவருக்கு எல்லாச் சாலையும் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். உதடு கணக்குப் போட்டது.

"ஒண்ணர பஸ் நீளம்" என்றார்.

கண்ணைத் திறக்காமலே, "அவ ஒரு வார்த்தையோட எப்ப நிறுத்தியிருக்கா?" என்றார்.

"வேண்டாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. சொல்லியேவிட்டார்.

அப்போதுதான் மனைவி டீயோடு வந்தாள். "இன்னிக்காவது முடிஞ்சுதா? நாளன்னிக்கு அவங்க கெளம்பணும்."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள எப்பவோ முடிச்சுட்டாரும்மா. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. எல்லாம் பொகையாத்தான் இருக்கு. வண்டியும் பொக, நீயும் பொக."

அவள் டீத் தட்டை வண்டியின் மேலேயே வைத்துவிட்டாள். வேறு நாளாக இருந்தால் அது கொலைக் குற்றம்.

"எவ்வளவு நாளாப்பா?"

மாமியார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு மாசமா?"

மாமியார் தலையசைத்து மறுத்தார்.

"ரெண்டு வருஷமா! அப்ப ரெண்டு வருஷமா இந்த வண்டிய யாருப்பா ஓட்டினது?"

"உங்கம்மா" என்றார் மாமனார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். புருஷன் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவாள் என்று மூவரும் காத்திருந்தார்கள். அவள் முந்தைய நாலு நாளும் அவர் தடவிக்கொடுத்த கதவைத் திறந்தாள்.

"கண் டாக்டர் ஏழு மணி வரைக்கும் இருப்பாரு. எல்லாரும் ஏறுங்க. ஏங்க, நீங்க ஓட்டுங்க."

மாமனார் வண்டியைச் சுற்றி வந்து, தன் மனைவியின் சீட்டில் உட்கார்ந்தார். கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு தடவை மாற்றி வைத்தார். மாமியார் டீத் தட்டை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு மகளோடு பின்னால் ஏறினார். ஓரத்து டேப் எதையும் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நீல டேப் ஒட்டிய வண்டி, காயத்துக்குக் கட்டுப்போட்டது போல, பனிக்குள் மெல்ல வெளியேறியது.

தெருமுனை வளைவில் மாமனாரின் வலது கால் தரையை அழுத்தியது. அடுத்த வளைவிலும் அழுத்தியது. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது என்பதை அந்தக் கால் நம்பத் தயாராக இல்லை. வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் மாமியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பெரிய சாலைச் சந்திப்பில் மாப்பிள்ளை நிறுத்தினார். பனியில் வெளிச்சங்கள் கரைந்து ஓடின. பானெட்டின்மேல் சிக்னலின் சிவப்பு விழுந்து, ஒரு குளத்தில் போல அசையாமல் கிடந்தது. இவ்வளவு அழகாக ஒன்றைத் தான் செய்ததில்லை என்று தோன்றியது அவருக்கு. பார்த்துக்கொண்டே இருந்தார். குளம் நிறம் மாறியதையும் பார்த்தார். அதுவும் அழகாகத்தான் இருந்தது. பின்னால் யாரோ ஹாரனை அழுத்தினார்கள்.

"மாப்ள."

"மாமா?"

"என்ன கலர் விழுந்திருக்கு?"

"பச்ச மாமா."

"அப்ப எதுக்கு நிக்கிறீங்க?" என்றார் மாமனார்.